போட்டோ 50 கேபிக்குள் வரணுமா? இந்த ஷார்ட்கட்டுகள் போதும்!

பெயர், முகவரி, கல்வித் தகுதி என்று விண்ணப்பத்தின் எல்லாப் பக்கத்தையும் போனிலேயே நிரப்பிவிடுகிறோம். கடைசியில் போட்டோவையும் கையெழுத்தையும் பதிவேற்றச் சொல்லும் இடத்தில்தான் சிக்கல். ‘கோப்பின் அளவு அதிகம்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அளவைக் கண்டபடி குறைத்து ஏற்றினால், ‘படம் தெளிவாக இல்லை’ என்று பிறகு திரும்பி வரும். கடைசி நாள் மாலையில் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் படத்தைக் கொடுப்போம். இல்லையென்றால் தெரிந்த கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க’ என்போம்.

வேலை முடிந்துவிடும். ஆனால் நம் முகம், கையெழுத்து, ஆதார் நகல் மூன்றும் வேறொருவரின் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். இந்த வேலையை நாமே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். அதற்கு வேண்டியது ஒரு கம்ப்யூட்டர், ஒரு இலவச மென்பொருள், சில ஷார்ட்கட் கீகள். அவ்வளவுதான்.

முதலில், மூன்று அளவுகள்

விண்ணப்பங்கள் கேட்கும் அளவு மூன்று வகை. சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் அச்சிட்டால் வரும் அளவு. பிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. கேபி என்பது அந்தக் கோப்பு பிடிக்கும் இடம். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை.

12 மெகாபிக்சல் போன் கேமரா எடுக்கும் படத்தில் சுமார் 4000 × 3000 பிக்சல் இருக்கும். கோப்பு பெரும்பாலும் சில எம்பி வரும். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளில் போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று கேட்பது வழக்கம். தேர்வுக்குத் தேர்வு இது மாறலாம். உங்கள் அறிவிக்கையில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

சென்டிமீட்டரில் கேட்டால் பிக்சலாக மாற்றுவது எப்படி? செ.மீ. எண்ணை 2.54-ஆல் வகுத்து, டிபிஐ எண்ணால் பெருக்குங்கள். பாஸ்போர்ட் அளவு எனப்படும் 3.5 × 4.5 செ.மீ. படம், 200 டிபிஐயில் சுமார் 276 × 354 பிக்சல். 300 டிபிஐ என்றால் சுமார் 413 × 531.

வேலையின் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் வெட்டுங்கள், பிறகு பிக்சலைக் குறையுங்கள், கடைசியாக கேபியைப் பாருங்கள். வெட்டாமல் சுருக்கினால் பின்னால் இருக்கும் சுவருக்கும் ஜன்னலுக்கும் புள்ளிகள் வீணாகி, முகம் மங்கிப்போகும்.

எந்த மென்பொருள்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பெயிண்ட் ஏற்கெனவே இருக்கும். கிம்ப் என்பது 1996-இலிருந்து கிடைக்கும் இலவச, திறந்தமூல மென்பொருள். போட்டோஷாப் கட்டணம் கட்டிப் பயன்படுத்துவது. போட்டோபீ என்பது பிரவுசரில் திறக்கும் இலவச எடிட்டர். போன் பிரவுசரிலும் திறக்கும். இதில் படம் எந்த சர்வருக்கும் போகாமல் உங்கள் கருவியிலேயே திருத்தப்படுகிறது. போட்டோஷாப் ஷார்ட்கட்டுகளில் பெரும்பாலானவை இதிலும் வேலை செய்யும்.

எல்லாவற்றிலும் பொதுவானவை சில உண்டு. கண்ட்ரோல் + இசட், செய்ததைத் திரும்பப் பெறும். கண்ட்ரோல் + ஏ, முழுப் படத்தையும் தேர்வு செய்யும். கண்ட்ரோல் + சி நகலெடுக்கும். கண்ட்ரோல் + வி ஒட்டும்.

ஒரு எச்சரிக்கை. கண்ட்ரோல் + டபிள்யூ அழுத்தினால் பெயிண்டில் அளவு மாற்றும் பெட்டி திறக்கும். அதே கீ போட்டோஷாப்பில் படத்தையே மூடிவிடும். போட்டோபீ பிரவுசரில் ஓடுவதால், அங்கே அந்த டேபே மூடிவிடும். செய்த வேலை எல்லாம் போச்சு!

இன்னொன்று நம்மவர்களுக்கென்றே: கீபோர்டு தமிழ் தட்டச்சில் இருந்தால் ஒற்றை எழுத்து ஷார்ட்கட்டுகள் வேலை செய்யாமல் போகலாம். விண்டோஸ் கீ + ஸ்பேஸ் பார் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயிண்டில் போட்டோ தயார் செய்ய

1. படத்தைத் திறந்ததும் எஃப் 12 அழுத்தி வேறு பெயரில், ஜேபிஜியாகச் சேமியுங்கள். அசல் படம் அப்படியே இருக்கட்டும். ஜேபிஜி கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். அசல் கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் புதிதாகத் தொடங்கலாம்.

2. செலக்ட் கருவியால் முகமும் தோளும் வரும்படி ஒரு கட்டம் இழுங்கள். இழுக்கும்போது கட்டத்தின் அளவு கீழ்ப் பட்டையில் பிக்சலில் தெரியும். 3.5 × 4.5 என்பது 7-க்கு 9 என்ற விகிதம். ஆகவே 700 × 900, 1400 × 1800 போன்ற எண்களுக்கு அருகில் நிறுத்துங்கள்.

3. கண்ட்ரோல் + ஷிப்ட் + எக்ஸ். கட்டத்துக்கு வெளியே இருப்பது வெட்டுப்படும்.

4. கண்ட்ரோல் + டபிள்யூ. பெட்டியில் சதவீதத்துக்குப் பதில் பிக்சலைத் தேர்வு செய்து, அகலத்தில் 276 என்று கொடுங்கள். விகிதத்தைக் காக்கும் அமைப்பு இயங்கினால் உயரம் 354, 355 என்று தானே வரும். அது இயங்காவிட்டால் முகம் நீண்டோ அகன்றோ போகும்.

5. கண்ட்ரோல் + எஸ் அழுத்திச் சேமித்ததும் கோப்பின் அளவு கீழ்ப் பட்டையில் தெரியும். கண்ட்ரோல் + இ அழுத்தினால் படத்தின் விவரங்களையும் பார்க்கலாம்.

கேட்ட அளவை விடக் குறைவாக வந்துவிட்டதா? சின்னப் படத்தை மறுபடி பெரிதாக்காதீர்கள், மங்கிவிடும். கண்ட்ரோல் + இசட் அழுத்தி, சுருக்குவதற்கு முந்தைய நிலைக்குப் போய், இந்த முறை அகலம் 413 என்று கொடுத்துப் பாருங்கள்.

கேபியைத் துல்லியமாகப் பிடிக்க

பெயிண்டில் ஜேபிஜியின் தரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அதற்கு மற்ற மென்பொருள்கள்தான் சரி.

கிம்ப்பில் ஷிப்ட் + சி அழுத்தினால் வெட்டும் கருவி வரும். அதில் விகிதத்தை 7:9 என்று பூட்டிவிட்டால், எப்படி இழுத்தாலும் விகிதம் மாறாது. பிக்சலைக் குறைத்த பிறகு கண்ட்ரோல் + எஸ் அழுத்தாதீர்கள். அது கிம்ப்பின் சொந்தக் கோப்பாகத்தான் சேமிக்கும்; எந்த விண்ணப்பத் தளமும் அதை ஏற்காது. கண்ட்ரோல் + ஷிப்ட் + இ அழுத்தி, பெயரின் முடிவில் ஜேபிஜி என்று வரும்படி கொடுங்கள். அடுத்து வரும் பெட்டியில் முன்னோட்டத்தைக் காட்டும் அமைப்பை இயக்கினால், தரத்தை நகர்த்த நகர்த்த கேபி எவ்வளவு என்று அங்கேயே தெரியும்.

போட்டோஷாப்பில் சி என்ற எழுத்து வெட்டும் கருவி. கண்ட்ரோல் + ஆல்ட் + ஐ, பட அளவு பெட்டி. கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட் + எஸ் அழுத்தினால் இணையத்துக்காகச் சேமிக்கும் பெட்டி வரும். அதிலும் தரமும் கேபியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். போட்டோபீயில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் போய் ஜேபிஜியைத் தேர்வு செய்யுங்கள்.

சேமிக்கும் முன் கண்ட்ரோல் + 1 அழுத்தி, போட்டோஷாப்பில் படத்தை நூறு சதவீத அளவில் பாருங்கள். கிம்ப்பில் வெறும் 1 போதும். சரிபார்க்கும் அலுவலர் பார்க்கப்போவது ஏறக்குறைய இதைத்தான். கண்ணும் முகமும் தெளிவாக இருந்தால் சரி.

பியூட்டி ஃபில்டர், ஏஐ மெருகு எல்லாம் விண்ணப்பப் போட்டோவுக்கு வேண்டாம். தேர்வு அறையில் போட்டோவையும் உங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கையெழுத்து வெளுத்துத் தெரிய

கோடில்லாத வெள்ளைத் தாளில், அறிவிக்கை சொல்லும் நிற மையில் கையெழுத்திடுங்கள். பகல் வெளிச்சத்தில், உங்கள் நிழல் விழாமல் நேர் மேலே இருந்து படம் எடுங்கள். அப்படியும் தாள் சாம்பல் நிறமாகத்தான் வரும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. போட்டோஷாப்பிலோ போட்டோபீயிலோ கண்ட்ரோல் + எல் அழுத்துங்கள். லெவல்ஸ் பெட்டி வரும். வரைபடத்தின் வலது ஓரத்தில் இருக்கும் வெள்ளை முக்கோணத்தை இடதுபக்கம் நகர்த்தினால் தாள் வெளுக்கும். இடது ஓரத்துக் கறுப்பு முக்கோணத்தை வலதுபக்கம் கொஞ்சம் நகர்த்தினால் மை அழுத்தமாகும். கிம்ப்பில் இதே பெட்டி கலர்ஸ் மெனுவில் இருக்கிறது. தாள் வெளுத்துவிட்டால் கேபியும் நன்றாகக் குறையும். வெறும் வெள்ளையைச் சேமிக்க அதிக இடம் தேவையில்லை, அதான் காரணம்.

ஆதார் நகலில் எண்ணை மறைக்க

அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், முதலில் ஆதார் ஆணையத்தின் தளத்தில் ‘மாஸ்க்டு ஆதார்’ பதிவிறக்க முடியுமா என்று பாருங்கள். அதில் 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டுமே தெரியும். கேட்கும் இடம் மறைத்த நகலை ஏற்குமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே மறைப்பதானால், போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் நான்கைந்து முறை தீட்டாதீர்கள். அது பாதி ஊடுருவும் நிறம். வெளிச்சத்தைக் கூட்டினால் உள்ளே இருக்கும் எண் தெரிந்துவிடலாம். மங்கலாக்குவதும் நம்பத்தகுந்ததல்ல. முழுக் கறுப்பால் நிரப்புவதே சரி. போட்டோஷாப்பிலும் போட்டோபீயிலும் எம் அழுத்தி எண்ணின் மேல் கட்டம் போடுங்கள். டி அழுத்தினால் நிறம் கறுப்பாகும். ஆல்ட் + பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கட்டம் நிரம்பிவிடும். கிம்ப்பில் முறையே ஆர், டி, கண்ட்ரோல் + கமா. க்யூஆர் குறியீட்டிலும் உங்கள் விவரங்கள் இருப்பதை மறக்காதீர்கள்.

முடித்ததும் ஜேபிஜியாகவே அனுப்புங்கள். லேயர்களுடன் இருக்கும் கோப்பையோ, மேலே கறுப்புப் பெட்டி வரைந்த பிடிஎஃப்பையோ அனுப்பினால், பெட்டியை நகர்த்தி அடியில் இருப்பதைப் படித்துவிட முடியும்.

வெட்டிய படத்திலும் ஒரு பாடம் உண்டு. 2023-இல் கூகுள் பிக்சல் போன்களின் மார்க்அப் கருவியிலும், விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் ஒரு குறை வெளியானது. வெட்டி நீக்கிய பகுதி கோப்புக்குள்ளேயே மிச்சம் இருந்து, அதன் ஒரு பங்கை மீட்க முடிந்தது. பிறகு இரண்டுமே சரிசெய்யப்பட்டன. ஆகவே ஆப்களை அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள். முக்கிய ஆவணத்தை வெட்டினால் புதிய பெயரில் சேமியுங்கள்.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துதான் போகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், யூஎஸ்பி கேபிள் இன்னும் நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு: படங்கள் ஹெச்இஐசி வடிவில் இருக்கலாம், பல தளங்கள் அதை ஏற்பதில்லை. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ தேர்வு செய்தால் அடுத்து எடுக்கும் படங்கள் ஜேபிஜியாக வரும்.

பொதுக் கம்ப்யூட்டரை விட்டு எழும் முன்

நண்பர் வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை பார்த்திருந்தால், கடைசி இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

• உங்கள் கோப்புகளைத் தேர்வு செய்து ஷிப்ட் + டெலிட். வெறும் டெலிட் என்றால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும்.
• குரோமில் கண்ட்ரோல் + ஜே அழுத்தினால் பதிவிறக்கியவற்றின் பட்டியல் வரும். விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.
• கண்ட்ரோல் + ஷிப்ட் + டெலிட், பிரவுசர் வரலாற்றை நீக்கும் பெட்டி.
• விண்டோஸ் கீ + வி அழுத்தி, நகலெடுத்த படம் கிளிப்போர்டில் தங்கியிருந்தால் நீக்குங்கள்.
• போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸ் பகுதிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை லாக் அவுட் செய்யுங்கள்.

தயாரித்த போட்டோவையும் கையெழுத்தையும் போனில் தனி ஃபோல்டரில், பெயரோடு கேபியும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பல அறிவிக்கைகள் சொல்வதால், எடுத்த மாதத்தையும் பெயரில் சேர்த்துவிடுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மாலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிவிக்கை வந்த அன்றே அளவைப் பார்த்துத் தயார் செய்துவிடலாம்.