உங்களுக்குத் தெரியுமா?

வரிக்குதிரை மீனின் கரு, முட்டை கருவுற்று ஒரு நாள் ஆவதற்குள்ளேயே, தலையில் மெல்லத் தொட்டால் துள்ளி விலகும்! அந்தத் தொடுதலை உணர்பவை, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே திரண்டிருக்கும் முக்கிளை நரம்பு முடிச்சின் செல்கள்.

தலையின் உணர்வு நரம்பு முடிச்சுகள் உருவாக இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, முதுகுப்புறத்திலிருந்து இடம்பெயரும் நரம்பு முகட்டுச் செல்கள். மற்றொன்று, கருவின் மேல்தோலில் ஆங்காங்கே தடிக்கும் திட்டுகள். முக்கிளை முடிச்சில் இரண்டின் செல்களும் கலந்திருக்கின்றன. செவி முடிச்சின் நரம்பணுக்களோ, உட்காதாக மாறப்போகும் சிறு பையிலிருந்தே பிரிந்து வருகின்றன.

தலையின் இடமும் வலமுமாக உள்ள முக்கிளை முடிச்சுகளின் இழைகள் தலைத்தோலில் பரவி, நடுக்கோட்டில் எதிர்ப்பக்க இழைகளைத் தொட்டதும் விலகிக்கொள்ளும். ஒரு பக்க முடிச்சை ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தார்கள். மறுபக்க இழைகள் எல்லை தாண்டி அந்த வெற்றிடத்திலும் படர்ந்தன! எல்லை முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்டதன்று. இழைகள் ஒன்றையொன்று விலக்கியே அதை வகுக்கின்றன.

நீரோட்டத்தை உணரும் பக்கவாட்டுக் கோட்டின் கதை இன்னும் அழகு. காதுக்குப் பின்னிருந்து ஒரு செல்கூட்டம் வால்வரை நகர, நரம்பு இழைகளும் அதனுடனேயே நீள்கின்றன. கரு கண்ணாடிபோல் தெளிவானது என்பதால், உயிருள்ளபோதே நுண்ணோக்கியில் இதைப் பார்க்கலாம்.