பிரசாதப் பழமும் வயிற்றின் இயல்பும்

தேங்காய், பழத் தட்டின்றி மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குச் செல்லும் குடும்பங்கள் குறைவு. வடக்கே சிறுமலையில் விளையும் மலைவாழையோ புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆயினும், அர்ச்சனை முடிந்து கைக்கு வரும் வாழைப்பழம் சிலருக்கு வயிற்று உப்புசம் தருவது ஏன்?

நன்கு கனியாத பழத்தில் மாவுச்சத்து மிகுதி. அதில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. கனியக் கனிய மாவு சர்க்கரையாக மாறும். ஆகவே, காய்ப்பதம் மாறாத பழத்தை இரண்டொரு நாள் வைத்திருந்து உண்பது நலம். மிகவும் கனிந்த பழமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் அளவைக் குறைக்கலாம்.

சிறுநீரகம் தளர்ந்த பெரியோர்க்குக் கூடுதல் கவனம் தேவை. ஒரு நடுத்தரப் பழத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. அது வெளியேறாமல் உடலில் தேங்கினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படக்கூடும். ஏகாதசி, கிருத்திகை நாட்களில் பழம் மட்டும் உண்டு விரதம் காப்போர், மருத்துவரிடம் கேட்டே அளவை வகுத்துக்கொள்ள வேண்டும்.

பிரசாதத்தை மறுக்க மனம் வராதோர், மருத்துவர் அனுமதித்தால், சிறு துண்டைக் கண்ணில் ஒற்றி வாயிலிட்டு, மீதியைப் பேரக்குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். அன்னையின் அருள் அத்துண்டிலும் நிறைந்தே இருக்கும்.