வரைகலை அட்டை மேம்படுத்தல்

வரைகலை அட்டை மேம்படுத்தல் என்பது விளையாட்டுக் கணினியின் பிற பாகங்களை அப்படியே வைத்துக்கொண்டு, வரைகலை அட்டையை மட்டும் மாற்றுவதாகும். பழைய கணினிகளில் இது எப்போதும் பலன் தருவதில்லை.

தடையை அறிதல்

விளையாட்டின் திரைத் துல்லியத்தைக் குறைக்கும்போது நொடிக்கான சட்டங்களின் எண்ணிக்கை நன்கு கூடினால், வரைகலை அட்டையே தடையாக உள்ளது. கூடாவிட்டால் பெரும்பாலும் மையச் செயலகமே தடை. அந்நிலையில் புதிய அட்டையால் பயன் குறைவு.

மின்சாரம்

பிசிஐ எக்ஸ்பிரஸ் பொருத்துவாய் அதிகபட்சம் 75 வாட் தரும். கூடுதல் தேவைக்கு மின்வழங்கியிலிருந்து வரும் 6 முனை இணைப்பு 75 வாட்டும், 8 முனை இணைப்பு 150 வாட்டும் அளிக்கும். 2016 இல் வெளியான ஜிடிஎக்ஸ் 1060 அட்டைக்கு 120 வாட் போதும். 2021 இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 3060 அட்டைக்கு 170 வாட் தேவை. எனவே சில கணினிகளில் மின்வழங்கியையும் மாற்ற நேரிடும்.

பொருத்துவாய்

2022 இல் வெளியான ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தாய்ப்பலகையில் ஒவ்வொரு தடத்தின் வேகமும் 4.0 இல் உள்ளதில் பாதி என்பதால், பழைய கணினியில் இவ்வட்டையின் திறன் குறைகிறது.

செலவு

மையச் செயலகம், தாய்ப்பலகை, மின்வழங்கி ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தால், அது ஏறத்தாழப் புதிய கணினி வாங்குவதற்கு ஒப்பாகும். அட்டை மட்டுமே தடையாக இருக்கும்போதே மேம்படுத்தல் சிக்கனமானது.