மத்திய பூமிக்கு ஒரு சாலை வரைபடம்

1954இல் வெளிவரத் தொடங்கிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் கற்பனை உலகான மத்திய பூமிக்கு, நாவலாசிரியர் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் வரைந்த வரைபடத்தில் மலைகளும் காடுகளும்தான் கண்ணைப் பறிக்கும். அதையே கார் ஓட்டுபவருக்கான சாலை வரைபடமாக மாற்றினால் பாதைகள் முன்னே வந்துவிடும்.

இதற்குப் பிரான்சின் மிஷ்லின் வரைபடம் அருமையான முன்மாதிரி. முக்கியச் சாலைக்குச் சிவப்பு, அடுத்தவற்றுக்கு மஞ்சள், இயற்கை எழில்மிக்க வழியின் ஓரத்தில் பச்சைக் கோடு.

மத்திய பூமியின் கிழக்குப் பெருஞ்சாலைக்குச் சிவப்பு தரலாம். பிரீ என்ற ஊரருகே அதைச் சந்திக்கும் வடக்குச் சாலையோ, நாவலின் காலத்தில் ஆள் நடமாட்டம் குறைந்து புல் மண்டிக் கிடக்கிறது. மெல்லிய வெள்ளைக் கோடே போதும். ஒரு நிறத்தைத் தேர்வதற்குள், வடக்கே எந்த அரசு அழிந்தது, வணிகர்கள் ஏன் வருவதில்லை என்றெல்லாம் வரைபவர் யோசித்தாக வேண்டும். ரிவென்டெலுக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கு எழுதக் கூடாது. அது மறைவான பள்ளத்தாக்கு.