சீயக்காய், வடிகஞ்சி, ஒரு செம்பு ஆத்துத்தண்ணி

தலைமுடிக்கு எது நல்லதுன்னு எங்க தஞ்சாவூர்ப் பக்கம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருத்தர் சீயக்காய் என்பார். இன்னொருத்தர் செம்பருத்தி இலை என்பார். மூணாவது ஆள், "பாக்கெட்டைக் கிழிச்சுப் போடு, எல்லாம் போயிடும்" என்பார். மூணு பேர் சொல்றதிலும் உண்மை இருக்கு. ஆனால் ஒவ்வொருத்தரும் வேற வேற பிரச்சினையை மனசில் வச்சுப் பேசுகிறார்கள். பிசுக்கு, சிக்கு, பொடுகு, பேன், முடி கொட்டுவது என்று ஐந்தும் ஐந்து சங்கதி. எந்தப் பொருள் எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று சில மாதமாகப் படித்து, வீட்டிலும் பழகிப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகள் இவை.

முதலில் தண்ணி

நம்ம ஊரில் முடிப் பிரச்சினையைப் பற்றிப் பேசினால் தண்ணீரில்தான் ஆரம்பிக்க வேண்டும். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆறும் வாய்க்காலும் ஓடுகிற அந்த மாதங்களில் ஆற்றில் குளித்த தலைமுறைக்குக் கிடைத்தது காவிரித் தண்ணீர். இப்போது வருஷம் முழுக்க நமக்கு போர் தண்ணிதான். நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் பொதுவாக ஆற்று நீரைவிட அதிகம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போனால் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

கால்சியம் உள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காது. இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து, தண்ணீரில் கரையாத பிசினாக மாறும். பக்கெட்டு ஓரத்தில் படியும் அதே வெள்ளைக் கறைதான் முடியிலும் படிகிறது. முடி சொரசொரன்னு ஆகி, சீப்பு பாதியில் நிற்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி.

ஆய்வுக்கூடம் இல்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, கொஞ்சம் சோப்பைச் சீவிப் போட்டு, நன்றாகக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். நுரை அடங்கி, தண்ணீர் பால்போலக் கலங்கி, மேலே ஆடை கட்டினால் கடின நீர். அப்படியானால் தலைக்கு சோப்பு போடவே வேண்டாம். கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு செம்பு மழைத்தண்ணியோ, குழாயில் வரும் ஆற்றுக் குடிநீரோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு செம்பில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் படிந்த பிசின் இன்னும் கொஞ்சம் கழன்று வரும். காசு கொடுத்து வாங்கும் பல பொருளைவிட எனக்குப் பலன் தந்தது இதுதான்.

சீயக்காய் செய்கிற வேலை

சீயக்காய் வயல்காட்டுப் பயிர் கிடையாது. மலைக்காடுகளில் படரும் முள்கொடி. டெல்டாவுக்கு அது எப்போதும் வெளியிலிருந்து வந்த சரக்குதான். காயில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். சோப்பு செய்வதும் இதே வேலைதான். ஆனால் சப்போனின் கடின நீரில் சோப்பு மாதிரி திரியாது.

இன்னொரு வித்தியாசம் உண்டு. சோப்பு காரம், சீயக்காய்க் கரைசல் லேசான அமிலம். முடியின் மேற்பரப்பில் செதில்கள் நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். காரம் பட்டால் ஓடு தூக்கிக்கொள்ளும், ஒரு முடி இன்னொரு முடியில் மாட்டும். அதுதான் சிக்கு. லேசான அமிலத்தில் ஓடு படிந்தே இருக்கும். சீயக்காய் போட்ட முடி வழுவழுன்னு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறையும் இருக்கு. கண்ணில் பட்டால் எரியும். மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. மாவு மில்லில் சீயக்காய்க்குத் தனி மெஷின் வைத்திருப்பது இதனால்தான். அழுக்கு எடுக்கும் சக்தியும் மிதமானது. எண்ணெயைக் கொட்டித் தேய்த்துவிட்டு ஒரு கைப்பிடிப் பொடியில் போகணும்னா போகாது. ரெண்டு தடவை தேய்க்கணும்.

வடிகஞ்சி

சீயக்காய் மலையிலிருந்து வந்தது. அதைக் கரைக்கிற கஞ்சி நம்ம அடுப்பிலிருந்து வந்தது. எங்க அப்பாயி சீயக்காயைத் தண்ணியில் கரைத்து நான் பார்த்ததில்லை. சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து அதில்தான் குழைப்பார். "தண்ணியில கரைச்சா கையிலேயே வழிஞ்சு போயிடும்டி, தலையில நிக்காது" என்பார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கு. கஞ்சியின் மாவுச்சத்து பொடியை அடியில் தங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கும். குழம்பு பதத்தில் இருப்பதால் கண்ணுக்கு வழிவதும் குறைவு. அலசிய பிறகு மெல்லிய ஒரு படலம் முடிமேல் தங்கி உராய்வைக் குறைக்கும். அரிசித் தண்ணீரை முடிக்குப் பயன்படுத்துவது நமக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. சீனாவின் குவாங்சி பகுதியில் ஹுவாங்லுவோ கிராமத்து யாவோ இனப் பெண்கள் புளித்த அரிசித் தண்ணீரில் தலை அலசுகிறார்கள். ஜப்பானில் ஹெய்யான் காலத்துப் பெண்கள் அரிசி கழுவிய நீரைப் பயன்படுத்தியதை எடுத்துக்கொண்டு 2010-இல் வந்த ஓர் ஆய்வு, அது முடியின் உராய்வைக் குறைப்பதாகச் சொன்னது. முடியை நீளமாக வளர்க்கும் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

எச்சரிக்கை ஒன்று. பருத்திப் புடவையை மொடமொடன்னு நிற்கவைக்கிற கஞ்சியும் இதுதான். சரியாக அலசாவிட்டால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உதிரும். பார்த்தால் பொடுகு மாதிரியே இருக்கும்.

குக்கர் வந்தபின் பல வீட்டில் வடிகஞ்சியே இல்லாமல் போச்சு. ஒரு கரண்டி பச்சரிசி மாவை நிறைய தண்ணீரில் காய்ச்சி எடுத்தாலும் அதே வேலை நடக்கும்.

பாக்கெட் ஷாம்பூ வந்த கதை

ஷாம்பூவைத் திட்டுவது இப்போது சுலபம். அது எதைத் தீர்த்தது என்பதையும் பார்க்கணும். காய் வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லுக்குப் போய், கஞ்சி எடுத்துவைத்துக் குளிக்க நேரம் வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் விடிகாலையில் கிளம்பும் பெண்ணுக்கு அந்த நேரம் கிடையாது. ஷாம்பூவோ பெரிய பாட்டிலில்தான் வந்தது.

டெல்டாவின் வடகோடியை ஒட்டிய கடலூரில்தான் இதற்கு வழி பிறந்தது. சின்னி கிருஷ்ணன் என்பவர், கூலி வேலை செய்கிறவரும் வாங்கக்கூடிய சின்ன பாக்கெட்டில் பொருள்களை அடைத்து விற்க முயன்றார். அந்தக் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பூ பாக்கெட் வந்தது. பிறகு அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயுடன் தனியாகப் பிரிந்து, அப்பாவின் பெயரைச் சுருக்கி 'சிக்' ஷாம்பூ தொடங்கினார். இன்றைய கெவின்கேர் அதிலிருந்து வளர்ந்ததுதான். மீரா சீயக்காய்த் தூளை விற்பதும் அதே நிறுவனம்தான்.

ஷாம்பூவில் இருக்கும் சலவைப்பொருள் கடின நீரிலும் திரியாது. போர் தண்ணிக்கு அது பொருந்தியது. முடி வறண்டுபோகும் என்பது உண்மைதான். அரை பாக்கெட்டை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கித் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் அது பெரும்பாலும் சரியாகும். காலி பாக்கெட் வாய்க்காலில் மிதப்பதற்கு மட்டும் இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

எண்ணெயும் பொடுகும்

தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்கு நல்லது. 2003-இல் ரேலே, மொஹிலே இருவரும் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. ஆய்வாளர்கள் பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்கணும். எண்ணெய்க் குளியலுக்கு நாம் வைக்கும் நல்லெண்ணெய் அந்தச் சோதனையில் இல்லை.

பொடுகு வேற கதை. மலசீசியா என்ற பூஞ்சை தலைத்தோலில் எல்லோருக்கும் இருக்கு. அதற்குச் சாப்பாடே கொழுப்புதான். பொடுகு இருக்கும்போது "தலை வறண்டிருக்கு, எண்ணெய் வை" என்று தினமும் வைத்தால் அதற்கு விருந்து. கீட்டோகோனசோல் உள்ள ஷாம்பூவைத் தேய்த்து, உடனே அலசாமல் ஐந்து நிமிஷம் விட்டு, வாரம் ரெண்டு தடவை குளித்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பேன்

பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். அழுக்கால் வருவதும் இல்லை, அதனால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். எண்ணெய் வைத்து, நெருக்கமான பேன் சீப்பால் வேரிலிருந்து வாருவதுதான் அடிப்படை வைத்தியம். ஈர் பொரிய ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரிவிட்டு நிறுத்தினால் மறுபடி வரும். மூணு நாளுக்கு ஒரு தடவை, ரெண்டு வாரம் விடாமல் வாரணும். மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். தோல் புண்ணாகும், அடுப்புப் பக்கம் போனால் உயிருக்கே ஆபத்து.

எந்தப் பொருளும் தீர்க்காதது

முடி கொட்டுவதற்குத்தான் கடையில் அதிக பாட்டில்கள் இருக்கின்றன. அதில்தான் நம் பெண்கள் அதிகம் செலவு செய்கிறார்கள். நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. கடுமையான காய்ச்சலோ பிரசவமோ ஆகி ரெண்டு மூணு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது பலருக்கு நடக்கும். பெரும்பாலும் தானாகவே சரியாகும். அப்படி எதுவும் இல்லாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம், தைராய்டும் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தம் குறைந்த உடம்புக்குத் தலையில் எந்த எண்ணெய் வைத்தும் பயன் இல்லை.

அதனால் மூலிகை எண்ணெய்க்கு எடுத்து வைத்த காசை அப்படியே வைத்துவிட்டு, முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். எண்ணெயைப் பிறகு வாங்கலாம்.