'ஹெட் போச்சு' என்றார்கள். போனது பேன் பெல்ட்! பாலத்தில் கொதித்து நின்ற அம்பாசிடர்

சென்னை, மே.-

கல்யாணத்துக்குப் புறப்பட்ட கார் நடுப் பாலத்தில் கொதித்து நின்றது. "ஹெட் போச்சு சார், இருபதாயிரம் எடுத்து வையுங்க" என்றார் ஒருவர். "மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்க" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் பேச்சையும் கேட்காததால் பணமும் தப்பியது, ஒரு கையும் தப்பியது!

கார்க்காரர் தாம்பரத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற குமாஸ்தா. 1980-களில் வாங்கிய அம்பாசிடரை இன்னும் தானே ஓட்டுகிறார். (அம்பாசிடர் உற்பத்தி 2014-ம் ஆண்டே நின்றுவிட்டது. ஓடுகிற வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன.)

இன்று காலை மனைவி, பேத்தியோடு தி.நகருக்குக் கிளம்பினார். 10-30 மணிக்கு முகூர்த்தம். கத்திரி வெயில். கிண்டியில் நெரிசல். வெப்பம் காட்டும் முள் அங்கேயே ஏறத் தொடங்கிவிட்டது. "எப்படியாவது போய்ச் சேர்ந்துடலாம்னு நினைச்சேன்" என்கிறார். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் முள் சிவப்பைத் தொட்டது. பானெட் ஓரத்தில் குபுகுபுவென்று ஆவி!

கூட்டம் கூடியது

நம் ஊரில் கார் நின்றால் கூட்டத்துக்குப் பஞ்சமா? ஆளாளுக்கு யோசனை. ஒரு வாலிபர் ரேடியேட்டர் மூடியில் கையையே வைத்துவிட்டார். "தொடாதேப்பா!" என்று பெரியவர் அலறினார். பிறகு காரை ஓரம் தள்ளிவிட்டு, தனக்குத் தெரிந்த புதுப்பேட்டை மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

அரை மணி நேரத்தில் மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்தார். வந்ததும் அந்த வாலிபரைக் கூப்பிட்டு, சட்டைக் கையைச் சுருட்டித் தன் வலது கையைக் காட்டினார். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

"பத்தொன்பது வயசுல திறந்தேன் தம்பி. அவசரம். முதலாளி திட்டுவாருன்னு பயம். பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரி."

வாலிபர் பேசவில்லை.

அந்த மூடி வெறும் மூடி அல்ல. அடியில் ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் இருக்கின்றன. அவை உள்ளே அழுத்தத்தை அடக்கி வைக்கின்றன. அதனால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர், அதைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகவும் வெந்நீராகவும் முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். சூடான என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினாலும் ஆபத்து. இரும்பு விரிசல் விடும்.

சிவப்பு விளக்கு

மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. டாக்டர் மாதிரி கேள்விதான் கேட்டார். "எங்க சூடாச்சு? ஓடும்போதா, நிக்கும்போதா? டைனமோ லைட் எரிஞ்சுதா?"

"ரெண்டு நாளா மங்கலா எரியுதுப்பா. பாட்டரி கோளாறுன்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான். என்ஜின் நின்றிருந்ததால் பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலம் அமுங்க வேண்டிய பெல்ட், தூளி மாதிரி தொங்கியது. உள்பக்கம் கண்ணாடியாகப் பளபளத்தது. இந்தக் காரில் ஒரே பெல்ட்தான் விசிறி, வாட்டர் பம்பு, டைனமோ மூன்றையும் சுற்றுகிறது. அது வழுக்கினால் காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. சிவப்பு விளக்கு அதைத்தான் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் நிருபரிடம் மேலும் கூறியதாவது:-

"நெரிசல்ல சூடாகி, வேகமாப் போனா ஆறுதா? விசிறியையும் பெல்ட்டையும் பாருங்க. வேகமாப் போகும்போது சூடாகுதா? ரேடியேட்டர் குழாய் அடைச்சிருக்கும். இங்க போர் தண்ணிய ஊத்துறாங்க சார். உப்பு படிஞ்சு உள்ளே சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடும். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துலயே முள்ளு ஏறினா தெர்மாஸ்டாட் திறக்காம இருக்கலாம். கழட்டி, பாத்திரத்துல தண்ணியோட அடுப்புல வைங்க. தண்ணி கொதிக்கிறதுக்குள்ள வாயைத் திறக்கணும். திறக்கலைன்னா புதுசு போடுங்க. சில பேர் அதைத் தூக்கி எறிஞ்சிட்டு ஓட்டுறான், அது தப்பு. என்ஜின் சூடு ஏறாமலே ஓடி பெட்ரோலைக் குடிக்கும்."

முள் பொய் சொல்லுமா?

சொல்லும் என்கிறார். சில பழைய கார்களில் பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் ஒரே ஸ்டெபிலைசரில் இருந்து கரண்ட். இரண்டு முள்ளும் சேர்ந்து எகிறினால் கோளாறு அங்கே இருக்கலாம். இன்னொன்றுதான் பயங்கரம். தண்ணீர் முழுக்க ஒழுகிப் போனால், சென்சார் நனையாமல் முள் கீழேயே நிற்கவும் கூடும். டிரைவர் நிம்மதியாக ஓட்டுவார், உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

சரி, 'ஹெட் போச்சு' என்றார்களே? அதையும் பார்த்தார். நன்றாக ஆறியதும் கனத்த துணி போட்டு மூடியை மெல்லத் திறந்து, குறைந்த தண்ணீரை ஊற்றினார். பெல்ட்டை மாற்றி ஸ்டார்ட் செய்தார். ஹெட் காஸ்கெட் போயிருந்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வரும், ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரியும். இரண்டும் இல்லை. "கிண்டியிலேயே நிறுத்தியிருக்கணும் சார். இன்னும் ரெண்டு கிலோ மீட்டர் ஓட்டியிருந்தா அவங்க சொன்னது பலிச்சிருக்கும்" என்றார்.

பெல்ட்டும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முள் நடுவில் நின்றது. மணி 11-20. தாலி கட்டி முடிந்திருக்கும் என்று அம்மாள் முணுமுணுத்தார். "பந்தி இருக்கும் பாட்டி" என்றாள் பேத்தி. கார் தி.நகர் நோக்கிப் புறப்பட்டது.