உங்களுக்குத் தெரியுமா? மில் தவிடும் வாத்துத் தீனியும்

ஆரணி என்றால் பட்டுச்சேலைதான் நினைவுக்கு வரும். அந்த ஊர்ப் பெயரில் ஒரு நாட்டு வாத்தும் உண்டு. வட தமிழகத்தில் மேய்க்கப்படும் ஆரணி வாத்தில் சன்னியாசி, கீரி என இரண்டு வகை. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல், நத்தை, புழு இவைதான் சாப்பாடு.

வந்தவாசி, ஆரணிப் பக்கம் மேய்ச்சல் ஓய்ந்த நாளில் கைகொடுப்பது ரைஸ் மில். நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி, ஏழெட்டுக் கிலோ தவிடு. உமியில் சிலிக்கா அதிகம். அது பாய்லருக்குப் போகட்டும். தவிட்டில் 12 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. குருணையும் நொய்யும் அதோடு சேர்ந்தால் நல்ல அடித்தீனி.

பச்சரிசித் தவிடு சில நாளிலேயே காறிப்போகும். அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயைக் கெடுத்துவிடுகிறது. புழுங்கல் நெல்லில் அவிக்கும்போதே அந்த நொதி அழிந்துவிடுவதால் தவிடு கூடுதல் நாள் தாங்கும். வாங்கும்போது எந்தத் தவிடு என்று கேட்டு வாங்குங்கள்.

வாத்தின் உறவினமான கூஸ், தவிட்டைவிடப் புல்லையே நாடும் பறவை. களைக்கொல்லி பரவும் வரை அமெரிக்கப் பருத்தி வயல்களில் களையெடுக்க இவற்றை விட்டார்கள். புல்லைத் தின்னும், பருத்தியைத் தொடாது.

வாத்து, கூஸ் குஞ்சுகளுக்கு நியாசின் சத்து கோழிக்குஞ்சைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். குறைந்தால் கால் வளையும். தவிட்டில் அது நிறைய இருந்தும் பெரும்பகுதி உடலில் சேராது. தீனியில் ஈஸ்ட் கலப்பது நல்லது.

மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் மண்ணில் பிண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் மிகுந்த கவனம் வேண்டியது இதில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுதான் காரணம். அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். அந்த நஞ்சைச் சோதிக்க ஆய்வகங்கள் பயன்படுத்தியதும் வாத்துக்குஞ்சையே. அதன் கல்லீரல் அத்தனை சீக்கிரம் பாதிக்கப்படும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. ஈரம் பட்ட பிண்ணாக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எத்தனால் ஆலைகளில் தானியத்தின் மாவுச்சத்து போனபின் எஞ்சும் சக்கையும் இப்போது தீவனமாகிறது. அரிசிச் சக்கையில் புரதம் 40 சதவீதத்தைத் தாண்டும். புரதம் செறிவதுபோலவே, தானியத்தில் பூஞ்சண நஞ்சு இருந்தால் அதுவும் செறியும். மக்காச்சோளச் சக்கையில் சுமார் மூன்று மடங்கு. பரிசோதனை அறிக்கை பார்க்காமல் மூட்டையை வீட்டுக்கு ஏற்றாதீர்கள்.